பத்து லட்சத்தில் முக்கால் ஆள்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

வில்லையின் நிறம் நீலம் என்று எங்கள் குழு முடிவு செய்துவிட்டது. மூன்று அமர்வுகள் ஆயின. சிவப்பு பீதியைக் கிளப்பும், பச்சை பொய் நிம்மதி தரும், வெள்ளை சீக்கிரம் அழுக்காகும் என்று உறுப்பினர்கள் மாறி மாறி வாதாடினார்கள். கடைசியில் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு "நீலம்" என்றார். செயலாளர் எழுதிக்கொண்டார். உடனே எல்லோரும் தேநீர் கேட்டார்கள். பெரிய முடிவுகளுக்குப் பிறகு அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

வில்லை என்றது சட்டைக் காலரில் மாட்டுகிற சின்னப் பொருள். காற்றில் இருக்கும் கரைப்பான் ஆவியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தனக்குள் வாங்கி வைத்துக்கொள்ளும். ஐந்து நாள் மாட்டியிருந்துவிட்டுத் திருப்பி அனுப்பினால், ஒரு ஆளின் மூக்குக்குப் பக்கத்தில் எவ்வளவு போய்வந்தது என்று ஆய்வகம் சொல்லிவிடும். அதை வைத்து, எத்தனை வருஷத்தில் எத்தனை பேருக்குப் புற்றுநோய் வரலாம் என்று கணக்குப் போடுவது என் வேலை. என் கணக்கை வைத்து, வேலை செய்யும் இடத்தின் காற்றில் அது எவ்வளவு இருக்கலாம் என்று குழு ஒரு வரம்பு விதிக்கும்.

சீட்டுக் குலுக்கிப் போட்டதில் உங்கள் தொழிற்சாலையின் கழுவும் அறை வந்திருக்கிறது. என் அண்ணன் அங்கே வேலை பார்க்கிறார் என்று நான் இங்கே சொல்லவில்லை. சொன்னால் கோப்பை என் மேஜையிலிருந்து எடுத்துவிடுவார்கள். அது என் மேஜையில் இருப்பதுதான் எனக்கு நல்லது, உங்களுக்கும் நல்லது. நீங்களும் வாய் திறக்க வேண்டாம்.

அண்ணியின் முழங்கால் எப்படி இருக்கிறது? எனக்குக் குளிரைத் தவிர வேறு குறை இல்லை.

அன்புடன்,
தங்கை


ஜனவரி 27

அன்புத் தங்கைக்கு,

உன் அண்ணிக்கு முழங்கால் வலி அப்படியேதான். எனக்கு வலி என்று தேடினால் உன் அண்ணி ஒருத்திதான். மற்றபடி சௌக்கியம்.

வில்லைகள் வந்தன. ஆறு பேருக்கு ஆறு. நிறத்தை எல்லோரும் பாராட்டினார்கள். மேஸ்திரி பெட்டியைப் பிரித்ததுமே சொல்லிவிட்டார்: "இதெல்லாம் கவர்மெண்ட் சாமான். எப்படி வந்துச்சோ அப்படியே திரும்பிப் போகணும்." நீ கவலைப்படாதே. ஒரு பொட்டுக் கறை இல்லாமல் போய்ச் சேர்ந்திருக்கும். அதற்கு நான் பொறுப்பு.

இருபத்திரண்டு வருஷமாக நான் என்ன வேலை செய்கிறேன் என்று நீ பார்த்ததே இல்லை, அதனால் சொல்கிறேன். அறை நடுவில் ஆளுயரத் தொட்டி. அடியில் மருந்து கொதிக்கும். கரைப்பான் என்று உங்கள் காகிதத்தில் இருக்கிறது, இங்கே எல்லோருக்கும் அது மருந்துதான். ஆவி மேலே எழும்பும். விளிம்பைச் சுற்றிக் குளிர்ந்த தண்ணீர்க் குழாய் ஓடுவதால் அதுவரை வந்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். எட்டிப் பார்த்தால் உள்ளே ஒன்றுமே இருக்காது. ஆனால் அந்த ஒன்றுமில்லாததற்கு ஒரு மேல்மட்டம் உண்டு. லேசாக அலையும். எண்ணெய்ப் பிசுக்கோடு வருகிற கதவுக் கீல்களைக் கூடையில் போட்டு அதற்குள் இறக்குவேன். அவற்றின் மேல் மழை பெய்யும். சத்தமில்லாத மழை. பிறகு தூக்குவேன். மெதுவாகத் தூக்க வேண்டும், அவசரப்பட்டால் ஆவியும் கூடவே எழுந்து வந்துவிடும். என் கை மெதுவான கை என்று மேஸ்திரி சொல்வார். பாராட்டுகிறாரா புகார் சொல்கிறாரா என்று கேட்டுக்கொள்ளவில்லை.

மூன்று மணிக்கு மேல்தான் அந்த அறை அழகு. ஒரு இனிப்பு வாசனை வந்து உட்காரும். தரை ஒரு விரற்கடை கீழே இறங்கிவிடும். நடந்தால் காலுக்கும் சிமெண்டுக்கும் நடுவில் இடம் இருக்கும். கூட வேலை செய்கிற நெட்டை பேசுவது பக்கத்து ஊரிலிருந்து கேட்கிற மாதிரி கேட்கும். நான் பிறவியிலேயே கனவு காண்கிற ஆள், உனக்குத் தெரியாததா.

இப்படிக்கு உன்
அண்ணன்


பிப்ரவரி 16

அன்புள்ள அண்ணாவுக்கு,

குளிரில் வந்த இருமல் போய்விட்டது. முடிவும் வந்துவிட்டது. உங்கள் அறையின் காற்றில் கரைப்பான் மிக மிகக் குறைவு. எங்கள் நூலகத்தில் இதைவிட அதிகம் இருக்கும் என்று தலைவர் சொன்னார். அவர் நூலகத்துக்குப் போனதில்லை. ஆனாலும் எல்லோரும் சிரித்தோம்.

கணக்கு எப்படி என்று கேட்டிருந்தீர்கள் ஒரு முறை. எங்கள் தாளுக்குள் ஒரு ஆள் குடியிருக்கிறார். எடை எழுபது கிலோ. நாற்பது வருஷம், வாரத்தில் ஐந்து நாள், நாளைக்கு எட்டு மணி நேரம் வேலை செய்வார். ஓவர்டைம் பார்க்க மாட்டார். தொட்டிக்குள் குனிய மாட்டார். சாப்பாட்டை வெளியே போய்த்தான் சாப்பிடுவார். அவரை எடுத்து, உங்கள் வில்லை சொன்ன எண்ணால் பெருக்கி, பத்து லட்சம் பிரதிகள் போட்டு ஒரு மைதானத்தில் நிறுத்த வேண்டும். அவர்களில் எத்தனை பேருக்கு நோய் வரும் என்பதே விடை. முக்கால் ஆள் என்று வந்தது. எந்த முக்கால் என்று மருத்துவ உறுப்பினர் கேட்டார். அது குறிப்பில் ஏறவில்லை. ஒன்றுக்குக் கீழே வந்தால் கவலை இல்லை என்பது விதி.

அண்ணா, மதிய நேரத்தில் மேஜையில் சாய்ந்தால் அந்த மைதானம் தெரிகிறது. பனி. பத்து லட்சம் பேரும் எழுபது கிலோ. ஒருவரும் அசைவதில்லை. நான் வரிசை வரிசையாக நடந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போகிறேன்.

கால் தரையில் படவில்லை என்று எழுதியிருந்தீர்களே, அதைத்தான் இரண்டு வாரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். கையேட்டின்படி அப்படி வர வேண்டுமென்றால் காற்றில் அது உங்கள் வில்லை காட்டிய எண்ணைப் போல முப்பது, நாற்பது மடங்கு இருக்க வேண்டும். வில்லையை எப்படி மாட்டியிருந்தீர்கள்?

அன்புடன்,
தங்கை


மார்ச் 4

அன்புத் தங்கைக்கு,

அண்ணியும் நானும் நலம். எனக்கு லேசாக இடுப்பில் ஒரு பிடிப்பு. ஐம்பத்திரண்டு வயதில் இடுப்பு தான் இருப்பதைச் சொல்லிக்கொள்ளத்தானே செய்யும்.

அந்தத் தாளில் குடியிருக்கும் ஆளை எங்கள் மேஸ்திரியிடம் அனுப்பிவிடாதே. ஓவர்டைம் பார்க்க மாட்டார் என்றால் வாசலோடு திருப்பி விடுவார். வெளியே சாப்பிடுவாராமே, இந்தக் குளிரில் எங்கே உட்காருவார்? கட்டடத்திலேயே கதகதப்பான இடம் தொட்டி ஓரம்தான். நாங்கள் ஆறு பேரும் அங்கேதான் டப்பாவைத் திறக்கிறோம்.

வில்லையை எப்படி மாட்டினோம் என்றா கேட்கிறாய். உன் அலுவலகத்துச் சாமானுக்கு நான் மரியாதை செய்யாமல் விடுவேனா? நம் வீட்டில் டிவி ரிமோட்டின் பிளாஸ்டிக் உறையைப் பத்து வருஷம் கழற்றாமல் வைத்திருந்தவன் நான். வில்லை ஒவ்வொன்றையும் சின்னப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, வாயை மடித்து ஸ்டேப்ளர் அடித்து, கவரோடு காலரில் குத்திக்கொண்டோம். எண்ணெய், பிசுக்கு, விரல் ரேகை எதுவும் படவில்லை. மற்ற ஐந்து பேருக்கும் நானே போட்டுக் கொடுத்தேன். திருப்பி அனுப்பும்போதுதான் பிரித்தோம். புதுசு மாதிரி இருந்தது என்று மேஸ்திரியே சொன்னார்.

நேற்று கூடையைத் தூக்கும்போது கீல்கள் எல்லாம் மீனாகிவிட்டன. வாயைத் திறந்து திறந்து மூடின. நான் சிரித்தேன் என்று நெட்டை சொன்னான். நல்ல மீன்கள்.

இப்படிக்கு உன்
அண்ணன்


ஏப்ரல் 22

அன்புள்ள அண்ணாவுக்கு,

பதில் எழுத ஏழு வாரம் ஆகிவிட்டது. இங்கே வேலை அதிகம். அலுவலகத்தில் நாற்காலிகளை மாற்றினார்கள். புதிய நாற்காலிகள் சுழல்கின்றன. பனி விலகி ஜன்னலில் எதிர்க் கட்டடம் தெரிய ஆரம்பித்திருக்கிறது. அங்கே ஒருத்தி தினமும் ஒரே கோப்பைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறாள். கண்ணாடியில் தெரிந்தது நான்தான் என்று கண்டுபிடிக்க மூன்று நாள் ஆயிற்று.

உங்கள் இடுப்புப் பிடிப்பு எப்படி இருக்கிறது?

சில விஷயங்கள். தொட்டிக்குள் குனியாதீர்கள். அறைக்கு வெளியே சாப்பிடுங்கள். காற்று வெளியேற்றும் விசிறியை நாள் முழுக்க ஓட விடுங்கள். முடிந்தால் பேக்கிங் பிரிவுக்கு மாற்றல் கேளுங்கள். காரணம் எதுவும் இல்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

மே பத்தாம் தேதி வரம்பில் தலைவர் கையெழுத்துப் போடுகிறார். முக்கால் ஆள் கணக்குதான்.

அன்புடன்,
தங்கை


ஏப்ரல் 30

அன்புத் தங்கைக்கு,

நாற்காலி சுழல்வதை எழுத ஏழு வாரம் எடுத்துக்கொண்டாயா? சின்ன வயதில் ஜாடியை உடைத்துவிட்டு நீ இப்படித்தான் வந்து வானிலை பேசுவாய்.

விசிறி இருக்கிறது. ஓடாது. ஓடினால் தொட்டியின் ஆவியையும் சேர்த்து இழுத்துவிடுகிறதாம். மருந்து வீணாகிறது என்று மேஸ்திரி ஸ்விட்சின் மேல் டேப் ஒட்டிவிட்டார். ஆய்வாளர் யாராவது வந்தால் டேப்பைப் பிரிப்பார். பேக்கிங் பிரிவில் போய் நான் என்ன செய்ய? அங்கே பேசுவதெல்லாம் அட்டைப்பெட்டியைப் பற்றி.

அந்தக் கவர் தப்பு, இல்லையா? காரணம் இல்லாமல் நீ எனக்கு அறிவுரை சொன்னதில்லை. இரண்டு நாள் யோசித்தேன். மூச்சு விட வேண்டிய பொருளுக்குப் போர்வை போர்த்திவிட்டேன் போலிருக்கிறது. வெளியே சொன்னால் நான் யார் என்று கேட்பார்கள். நான் யார் என்று தெரிந்தால் உன் வேலை என்ன ஆகும்? ஒன்றும் சொல்லாதே. எனக்கு ஒரு குறையும் இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன், தண்ணீர்கூட நிறையக் குடிக்கிறேன்.

இப்படிக்கு உன்
அண்ணன்


மே 3

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். என் கடிதம் இதற்கு முன் உங்களுக்கு வந்ததில்லை. எங்கள் வீட்டில் எழுத்து வேலை உங்கள் அண்ணனுடையது, பாத்திரம் என்னுடையது. நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நான் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம். நவம்பரிலிருந்து அவருக்குச் சிறுநீரில் ரத்தம் போகிறது. வலி இல்லாததால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உங்களிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். நான் ஏன் என்று கேட்டதற்கு இப்படிச் சொன்னார்: "அவ இப்பதான் எங்க ரூம்ல ஒண்ணுமில்லன்னு கணக்குப் போட்டு முடிச்சிருக்கா. நான் போய் நடுவுல ஒரு ஆளா நின்னா அவ கணக்கு என்னாகும்?"

போன வாரம் ஸ்கேன் எடுக்க வைத்தேன். வலது சிறுநீரகத்தில் கட்டி. எலுமிச்சை அளவு என்று டாக்டர் சொன்னார். எந்த எலுமிச்சை என்று எனக்குக் கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. ஜூன் முதல் வாரம் ஆபரேஷன்.

அவர் வேலை முடிந்து சிரித்துக்கொண்டே வருகிறார். அது எனக்குப் பிடிக்கவில்லை. அவர் அவ்வளவு சிரிக்கிறவர் இல்லை.

இப்படிக்கு,
அண்ணி


மே 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் உடம்பைப் பற்றி இந்தக் கடிதத்தில் நான் எதுவும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

நேற்றுக் கையெழுத்துக் கூட்டம். தலைவர் பேனா மூடியைத் திருகிக் கழற்றிவிட்டு, "யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்றார். இது கேட்க வேண்டியதற்காகக் கேட்கிற கேள்வி. இதுவரை யாரும் பதில் சொன்னதில்லை.

"கழுவும் அறை வில்லை ஆறும் பிளாஸ்டிக் கவருக்குள்ள இருந்திருக்கு. அந்த எண் காத்தோட எண் இல்ல, கவரோட எண்" என்றேன்.

எப்படித் தெரியும் என்று கேட்டார். "கவர் போட்டவர் என் அண்ணன். மார்ச்லேர்ந்து எனக்குத் தெரியும்."

புதிய நாற்காலிகள் ஒவ்வொன்றாக என் பக்கம் திரும்பின. தலைவர் பேனாவை மூடினார். எவ்வளவு மெதுவாக மூடினார் என்றால், உங்கள் கூடை தொட்டியிலிருந்து எழுகிற மாதிரி இருந்தது. அறையில் இருந்த எல்லோரும் கொஞ்சம் தூரத்துக்குப் போய்விட்டார்கள். பேச்சுகள் தண்ணீருக்கடியிலிருந்து வந்தன. நான் உங்கள் மூன்று மணியை முதல் முறையாகப் பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

முடிவுகள்: ஜூன் மாதத்தில் மறுபடி அளப்பது, உறை இல்லாமல். நிறம் நீலமாகவே இருக்கலாம். என்னைக் கோப்பிலிருந்து நீக்கி நூலகத்துக்கு மாற்றுவது. தலைவர் சொன்ன நூலகம்தான். வாசலில் ஒரு பூட்டு, உள்ளே ஒரு பூச்சி. பரவாயில்லை.

இரண்டு மாதம் நான் பேசாமல் இருந்ததற்கு என்னிடம் நல்ல காரணங்கள் இருந்தன. அவற்றை எழுதிப் பார்த்தேன். கிழித்துவிட்டேன்.

அன்புடன்,
தங்கை


ஜூன் 19

அன்புத் தங்கைக்கு,

சௌக்கியம். முன்னைவிட ஒன்று குறைவான சௌக்கியம். இடது சிறுநீரகம் இரண்டு பேர் வேலையையும் பார்க்கிறது, ஓவர்டைம்.

உன் அண்ணியைத் திட்டவில்லை. திட்டலாம் என்று வாயைத் திறந்தேன், அவள் கஞ்சியை ஊட்டிவிட்டாள்.

மயக்கம் கொடுக்கும்போது மூக்கில் ஒரு இனிப்பு வந்தது. எனக்குப் பழகிய வாசனை மாதிரி இருந்தது. டாக்டர் பத்திலிருந்து பின்னால் எண்ணச் சொன்னார். நான் பத்து லட்சத்திலிருந்து ஆரம்பித்தேன். உன் மைதானத்துக்குப் போனேன், தெரியுமா? பனி சரியாக நீ எழுதின மாதிரியே. எல்லோரும் எழுபது கிலோ, எல்லோரும் முன்னால் பார்த்துக்கொண்டு. ஒரு வரிசையின் கடைசியில் ஓர் இடம் காலியாக இருந்தது. போய் நின்றுகொண்டேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அங்கே நிற்பது நிம்மதியாகத்தான் இருந்தது. நீ தூரத்தில் முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாய். எனக்கு நாலு வரிசை முன்னால் விழித்துவிட்டேன்.

நெட்டை பார்க்க வந்தான். புது வில்லைகள் வந்தன என்றான். இந்த முறை சட்டைமேல் அப்படியே மாட்டினார்களாம். கவர் இல்லாமல் பார்க்க அசிங்கமாக இருந்தது என்றான். நான் இல்லாததால் ஐந்து வில்லைதான் தேவைப்பட்டது.

கட்டியைச் சோதனைக்கு அனுப்பினார்கள், முடிவு வந்துவிட்டது. புற்றுநோய்தான், ஆனால் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை என்று டாக்டர் சொன்னார். பேக்கிங் பிரிவில் பேசுகிற மாதிரிப் பேசினார்.

இப்படிக்கு உன்
அண்ணன்


ஆகஸ்ட் 28

அன்புள்ள அண்ணாவுக்கு,

தையல் ஆறிவிட்டது என்று அண்ணி எழுதியிருந்தார்கள். நிம்மதி. நூலகத்தில் எனக்கு வேலை இல்லாததால், அறிக்கை அச்சாகி வந்ததும் முதலில் படித்தது நான்தான். ஒரே வாசகியும் நானாகத்தான் இருப்பேன்.

புதிய அளவு பழையதைப் போல முப்பத்தெட்டு மடங்கு. அதை மறைக்கவில்லை. பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பழைய கணக்குப்படி பார்த்தால் மைதானத்தில் இருபத்தெட்டு ஆளுக்குமேல் வர வேண்டும்.

ஆனால் இந்த முறை பின்னிணைப்பு ஒன்று சேர்த்திருக்கிறார்கள்: அறையில் வேலை செய்பவர்களின் உடல்நிலை. அளந்த நாட்களில் பணியில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஐவரையும் சோதித்ததில் ஒருவருக்கும் நோய் இல்லை. ஆறாவது ஆள் விடுப்பில் இருந்தார். விடுப்பில் இருப்பவர் நோயாளி, நோயாளிகள் வேறு துறை. ஐந்து பேரும் பல வருஷம் இந்தக் காற்றிலேயே நலமாக இருந்திருப்பதால், முன்பு உத்தேசித்த வரம்பு தேவையில்லாத கெடுபிடி என்று குழு கருதுகிறது. புதிய வரம்பு அதைப் போல நாற்பது மடங்கு. செப்டம்பர் முதல் தேதி அமல்.

நான் உங்கள் ஸ்கேனையும் சோதனை முடிவையும் வைத்து ஆட்சேபம் அனுப்பினேன். கோப்பு எண் இல்லை என்று திரும்பி வந்தது. எண் கேட்டு எழுதினேன். எண் கேட்பதற்கும் ஒரு எண் வேண்டுமாம். தலைவரை வராந்தாவில் பிடித்து ஆறாவது ஆளைப் பற்றிக் கேட்டேன். அவர் தோளைத் தட்டி, "உங்களாலதாம்மா இந்தத் தடவை சரியா அளந்தோம்" என்றார். உண்மையாகவே நன்றி சொன்னார்.

அண்ணா, அந்த அறைக்குத் திரும்பிப் போகாதீர்கள். இந்த முறை காரணம் இருக்கிறது, சொல்லியும் விட்டேன். பேக்கிங் பிரிவு கேளுங்கள். தொழிற்சாலை டாக்டரிடம் எழுத்தில் வாங்குங்கள். அட்டைப்பெட்டியைப் பற்றிப் பேசப் பழகிக்கொள்ளுங்கள். எனக்காக.

அன்புடன்,
தங்கை


செப்டம்பர் 15

அன்புத் தங்கைக்கு,

நானும் அண்ணியும் நலம். அவள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறேன், எனக்கும் ஒரு வேலை.

நீ சொன்னபடியே பேக்கிங் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தேன். மேஸ்திரி மறுக்கவில்லை, டாக்டர் எழுதினால் சரி என்றார். தொழிற்சாலை டாக்டர் நல்ல மாதிரி. தையலைப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அலமாரியிலிருந்து உங்கள் அறிக்கையை எடுத்தார். ஒரே வாசகி நீ இல்லை. பின்னிணைப்பு வரை படித்துவிட்டுச் சான்றிதழ் எழுதினார். நகல் இதோடு வைத்திருக்கிறேன். உடல்தகுதி உண்டு, அறையின் காற்று அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் இருப்பதால் பிரிவு மாற்றம் தேவையில்லை.

நேற்றுக் காலை எட்டு மணிக்குக் கழுவும் அறையில் சேர்ந்தேன்.

இப்படிக்கு உன்
அண்ணன்